துப்பாக்கிக் குண்டை மிஞ்சிய நோய்

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலே மேலைநாட்டு வைத்தியம் கற்பித்த அமெரிக்கர் டாக்டர் சாமுவேல் கிறீன். அவரைப் பற்றி வாசித்தபோது ஒரு செய்தி என்னை வியக்க வைத்தது. அவர் தமிழுக்குக் கொண்டுவந்த உடற்கூற்று, சுகாதார நூலை ஆங்கிலத்தில் எழுதியவர் கல்வின் கட்டர். அதே கட்டர், 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் மசாசுசெட்ஸ் 21ஆம் படைப்பிரிவின் சத்திரசிகிச்சை வைத்தியராகப் பணியாற்றியிருக்கிறார்.

நான்கு ஆண்டுகள் நீடித்த அப்போரில் 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரைக் கொன்றது குண்டல்ல. வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல், மலேரியா முதலிய நோய்களே. பாசறைகளில் மலக்குழிகளுக்கு அருகிலிருந்த நீரையே பலர் குடித்தனர். குளோரோபோம் கொடுத்து, வலி தெரியாமல் கை கால்களை அகற்றக் கற்றிருந்த வைத்தியர்களுக்கு, கழுவாத தம் கையும் கத்தியுமே காயத்தில் சீழ்பிடிக்கக் காரணம் என்பது தெரியவில்லை. கிருமிகள் பற்றிய அறிவு அப்போது பரவியிருக்கவில்லை.

ஆயினும் நல்லதொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1862இல் ஜொனதன் லெட்டர்மன் என்ற இராணுவ வைத்தியர் அம்புலன்ஸ் வண்டிகளை ஒழுங்குபடுத்தினார். போர்க்களத்தில் முதலுதவி, அருகில் கள வைத்தியசாலை, தொலைவில் பெரிய வைத்தியசாலை என அவர் வகுத்த வரிசை இன்றும் பின்பற்றப்படுகிறது.

மணற்பாங்கான நம் கற்பிட்டியில் கிணறும் மலக்குழியும் ஒரே வளவில்தான் இருக்கின்றன. மழைக்காலத்தில் தண்ணீரைக் கொதிக்க வைக்கும்படி உம்மா சொன்னால் முன்பெல்லாம் சலித்துக்கொள்வேன். இப்போது அந்தப் பாசறைகளை நினைத்துக்கொண்டு, நானே அடுப்பை மூட்டுகிறேன்.