சும்மா நடந்தவர்கள்

லண்டனுக்கோ லீட்ஸுக்கோ போகத் தயாராகும் நர்ஸ் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஓ.இ.டி. என்று ஒரு தேர்வு. மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கென்றே நடத்துகிறார்கள். அதில் எழுத்துத் தாளுக்கு 45 நிமிடம். ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகளைக் கொடுத்துவிடுவார்கள். அவற்றைப் படித்து, தேவையானதைப் பொறுக்கி, 180 முதல் 200 சொற்களுக்குள் அடுத்து அவரைக் கவனிக்கப்போகிறவருக்குக் கடிதம் எழுத வேண்டும். இலக்கணப் பிழையைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். சொல் தடம் மாறினால்தான் சிவப்புப் பேனாவைத் தேடுவேன்.

பயிற்சிக்கு ஒரு முதியவரைக் கொடுத்திருந்தேன். வயது 78, டிமென்ஷியா, இரவில் எழுந்து வார்டு வராந்தாவில் நடக்கிறார். அவ்வளவுதான் செய்தி. ஒருத்தி அவரை 'ஸ்ட்ரோல்' செய்ய வைத்தாள். இன்னொருத்தி 'ரோம்' செய்ய வைத்தாள். மூன்றாமவள் கையில் அவர் 'லாய்ட்டர்' செய்தார், நான்காமவள் கையில் 'ப்ரௌல்' செய்தார். கேட்டால் நால்வரும் செல்போனை நீட்டுகிறார்கள். அதிலுள்ள அகராதி எல்லாவற்றுக்கும் 'சுற்றித் திரி' என்றுதான் பொருள் சொல்கிறது.

ஸ்ட்ரோல் என்றால் சாப்பாடு முடிந்து காற்றாட நடப்பது. அந்தக் கடிதத்தைப் படிக்கிற மருத்துவர், பெரியவர் சுகமாக இருக்கிறார் போல என்று அடுத்த ஃபைலுக்குப் போய்விடுவார். ரோம் செய்ய ஒரு காடோ மலையோ வேண்டும், வராந்தா பத்தாது. லாய்ட்டர் போலீஸ் ஸ்டேஷன் வார்த்தை. வேலை எதுவும் இல்லாமல் ஓரிடத்தில் நின்று நோட்டம் பார்க்கிறவனுக்கு அது. ப்ரௌல் செய்வது புலி, அல்லது நள்ளிரவில் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துப் போகிற திருடன். பாவம், சிறுநீர் கழிக்க எழுந்த மனிதருக்கு இத்தனை வேஷம்.

மருத்துவமனைகளில் இதற்கு நெடுங்காலமாகப் புழங்கிவந்த சொல் 'வாண்டர்'. இப்போது அதற்கும் ஆட்சேபம் வந்துவிட்டது. பிரிட்டனில் டிமென்ஷியா நோயாளிகளுக்காக இயங்கும் அல்சைமர்ஸ் சொசைட்டி 'வாக்கிங் அபவுட்', அதாவது வெறுமனே நடமாடுவது, என்றுதான் எழுதுகிறது. வாண்டர் என்றாலே நோக்கம் இல்லை என்றாகிவிடுகிறது. அந்தப் பெரியவருக்கோ ஏதோ ஒரு நோக்கம் இருக்கக்கூடும், அதை நம்மிடம் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். அங்கே போலீஸ் துறையில் 'ஹெர்பர்ட் புரோட்டோகால்' என்று ஒரு படிவம் உண்டு. நார்மண்டியில் போரிட்ட ஒரு முன்னாள் ராணுவ வீரரின் பெயர் அது. டிமென்ஷியா வந்த பிறகு, சிறு வயதில் வாழ்ந்த வீட்டைத் தேடிப் புறப்பட்டுப் போய் இறந்தவர். நோயாளியின் குடும்பத்தார் அந்தப் படிவத்தை முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொள்ளலாம். புகைப்படம், பழைய வீட்டு முகவரி, முன்பு வேலை பார்த்த இடம், வழக்கமாகப் போகிற கடை எல்லாம் கேட்டிருக்கும். ஆள் காணாமல் போனால் போலீஸ் அந்த இடங்களிலிருந்து தேடத் தொடங்குவார்கள். நோக்கமில்லாத நடை என்று நம்பியிருந்தால் இப்படி ஒரு படிவத்தை யார் அச்சடிப்பார்கள்?

இந்தச் சொற்களில் கால் கொஞ்சம்தான், மீதியெல்லாம் ஆள் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். நடக்கிறவர் யார், பார்க்கிறவர் யார், நடக்கிற நிலம் யாருடையது என்ற மூன்றும் தெரிந்தால்தான் சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியும்.

ஸ்ட்ரோலையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அது பென்ஷன்தாரர் வார்த்தை. அமெரிக்காவில் 'ஸ்ட்ரோலர்' என்றால் குழந்தையை உட்கார வைத்துத் தள்ளுகிற வண்டி. ஆனால் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அது வீடு வாசல் இல்லாமல் ஊர் ஊராகப் போகிறவனுக்கான ஏச்சு. 'ஸ்ட்ரோலிங் பிளேயர்ஸ்' என்று ஊர் சுற்றும் நாடகக்காரர்களைச் சொல்வார்கள். அதற்கும் முன்பே, 1572இல், நாடோடிகளைத் தண்டிக்க இங்கிலாந்தில் ஒரு சட்டம் வந்திருந்தது. பிரபுக்களின் ஆதரவு இல்லாத நடிகர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. பிடிபட்டால் சவுக்கடி, அத்துடன் ஓர் அங்குலச் சுற்றளவுள்ள இரும்பைப் பழுக்கக் காய்ச்சி வலது காதின் குருத்தெலும்பைத் துளைப்பார்கள். ஷேக்ஸ்பியரின் குழு 'லார்டு சேம்பர்லேனின் ஆட்கள்' என்று பெயர் வைத்துக்கொண்டது பெருமைக்காக மட்டும் இல்லை. காது பிழைக்க வேண்டுமே.

நெப்போலியனோடு நடந்த போர் முடிந்து, வேலையும் கூரையும் இல்லாமல் திரும்பிய சிப்பாய்கள் தெருக்களில் நிறைந்திருந்த காலத்தில், 1824இல், இங்கிலாந்தில் வேக்ரன்சி சட்டம் வந்தது. பிழைப்புக்கு வழி காட்ட முடியாமல் அலைந்து வெட்டவெளியில் படுப்பதே குற்றமானது. சந்தேகத்துக்குரிய ஆள் குற்றம் செய்யும் எண்ணத்தோடு லாய்ட்டர் செய்தால் பிடிக்கலாம் என்றும் அதில் ஒரு பிரிவு. எண்ணத்தை யார் கண்டார்? போலீஸ்காரர் கண்டார். அந்தப் பிரிவை வைத்துக் கறுப்பின இளைஞர்களை நிறுத்தி நிறுத்திப் பிடித்ததில் லண்டன் கொதித்துப்போய், 1981இல்தான் அதை நீக்கினார்கள். அதே ஆங்கிலேயர் இந்தியாவில் 1871இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டமும் ஓரிடத்தில் தங்காத சமூகங்களை முதல் சந்தேகத்துக்கு ஆளாக்கியது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரேகை கொடுத்துவிட்டு இரவில் ஸ்டேஷனில் போய்ப் படுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

நான் வகுப்பில் விரும்பிச் சொல்கிற கதை அமெரிக்காவுடையது. ஃபுளோரிடா மாநிலத்தின் ஜாக்ஸன்வில் நகரில் ஒரு விதி இருந்தது. யார் யாரைப் பிடிக்கலாம் என்று அது போட்டிருந்த பட்டியல் ஒரு சொற்களஞ்சியத்துக்குச் சமம். போக்கிரி, சூதாடி, வித்தை காட்டுகிறவன், குடிகாரன், இரவில் நடமாடுகிறவன், சட்டபூர்வமான காரியம் ஏதுமின்றி இடத்துக்கு இடம் வாண்டர் அல்லது ஸ்ட்ரோல் செய்கிறவன், வாடிக்கையான சோம்பேறி, உடம்பில் தெம்பிருந்தும் பெண்டாட்டி சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறவன். (கடைசி வகையைப் படிக்கும்போது வகுப்பில் கைதட்டல் கேட்கும்.) இரண்டு வெள்ளைக்காரப் பெண்களும் இரண்டு கறுப்பின ஆண்களும் ஓர் இரவு உணவு விடுதியில் சாப்பிட்டுவிட்டு நடன விடுதிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தார்கள். போலீஸ் மறித்துக் கைது செய்தது. குற்றத்தின் பெயர் 'காரில் ப்ரௌல் செய்தது'. பழைய கார் விற்கிற ஓரிடத்தின் அருகே வண்டியை நிறுத்தியிருந்தார்கள், அங்கே முன்பு திருட்டு நடந்திருக்கிறது என்பது போலீஸ் சொன்ன காரணம். கறுப்பும் வெள்ளையும் ஒரே காரில் இருந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1972இல் அந்த விதி செல்லாது என்று தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி வில்லியம் டக்ளஸ். நடப்பதும் உலாவுவதும் அலைவதும் அரசியல் சட்டத்தில் எழுதப்படாவிட்டாலும், வாழ்க்கையின் இனிமைகளில் சேர்ந்தவை என்பது அவர் வாதம். எது குற்றம் என்றே ஆளுக்குத் தெரியாதபடி விதி இருந்தால், அது போலீஸ்காரர் கையில் கொடுத்த வெற்றுக் காசோலை என்பதும்தான். டக்ளஸ் வாயால் மட்டும் நடந்தவர் இல்லை. வாஷிங்டனிலிருந்து கம்பர்லாண்ட் வரை ஒரு பழைய கால்வாய் உண்டு. அதை ஒட்டிச் சாலை போடப்போகிறார்கள் என்றதும், பத்திரிகைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு 1954இல் அந்தக் கரையில் சுமார் 300 கிலோமீட்டர் நடந்தார். சாலை வரவில்லை. 1971இல் அந்த இடம் தேசிய வரலாற்றுப் பூங்காவானது. பெரிய பதவியில் இருப்பவர் கால்வாய்க் கரையில் நடந்தால் அது 'ஹைக்'. அதே கரையில் அழுக்குச் சட்டைக்காரர் நடந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதும் டக்ளஸுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தீர்ப்பு அப்படித்தான் இருக்கிறது.

நிலம் யாருடையது என்பதற்கு வருகிறேன். 'ராம்பிள்' என்ற சொல் இங்கிலாந்தில் வயல், மேடு, புதர் வழியாக மனம் போனபடி நடப்பது. பேச்சில் ராம்பிள் செய்தால் வளவளவென்று இழுக்கிறார் என்று பொருள். சாமுவேல் ஜான்சன் 1750இல் தொடங்கிய கட்டுரைத் தாளுக்கு 'தி ராம்ப்ளர்' என்றே பெயர் வைத்தார். சாதுவான சொல் என்றுதான் தோன்றும். ஆனால் 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிகள் சில நூறு பேர் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டின் மீது வேண்டுமென்றே ஏறினார்கள். அங்கே பிரபுக்கள் துப்பாக்கியோடு காட்டுக்கோழி வேட்டையாடுவார்கள். மற்றவர்கள் கால் வைக்கக் கூடாது. காவலாளிகளோடு கைகலப்பு. ஐந்து பேருக்குச் சிறை. முன்னின்று நடத்திய இருபது வயது பென்னி ராத்மனுக்கு நான்கு மாதம். வாரத்தில் ஆறு நாள் புகைக்கு நடுவே வேலை பார்த்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காற்று அவ்வளவு முக்கியமாக இருந்திருக்கிறது. 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றச் சட்டம் ஒன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மேடுகளையும் கரம்புகளையும் எல்லாருக்கும் திறந்துவிட்டபோது, மக்கள் அதற்கு வைத்த பெயர் 'ரோம் செய்யும் உரிமை'. தெருமுனையில் நின்றால் குற்றம், மலை மீது அலைந்தால் உரிமை. எழுபதாம் ஆண்டு நினைவு விழாவில் அந்த நிலத்துக்காரரின் வாரிசான டெவன்ஷையர் பிரபு பொதுவில் மன்னிப்புக் கேட்டார். 2002இல். பரவாயில்லை, கேட்டாரே.

'சாண்டர்', 'மியாண்டர்', 'ஆம்பிள்' எல்லாம் வயிறு நிறைந்தவர்களின் சொற்கள். தேர்வுக்கு அவசியமில்லை என்று ஓட்டிவிடுவேன். மியாண்டர் மட்டும் இப்போது துருக்கியில் வளைந்து வளைந்து ஓடுகிற ஓர் ஆற்றின் பழைய கிரேக்கப் பெயர் என்றால் பிள்ளைகளுக்கு உடனே மனத்தில் நின்றுவிடுகிறது. சாண்டர், புனித பூமிக்குப் போகிறேன் என்று பிச்சை கேட்டவர்களைச் சொன்ன பிரெஞ்சுப் பேச்சிலிருந்து வந்தது என்று அமெரிக்க எழுத்தாளர் தோரோ ஒரு கட்டுரையில் எழுதினார். அவர் இறந்த பிறகு 1862இல் அச்சானது அது. அகராதிக்காரர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. நல்ல கதை, இருந்துவிட்டுப் போகட்டும்.

பெண் நடந்தால் இந்த அகராதி முழுக்கத் தலைகீழாகிவிடும். 'ட்ராம்ப்' என்றால் சார்லி சாப்ளின்: தொளதொள கால்சட்டை, கைத்தடி, 1914லிருந்து உலகமே கொண்டாடிய நாடோடி. பெண்ணை ட்ராம்ப் என்றால் அமெரிக்கப் பேச்சில் நடத்தை கெட்டவள். 'ஸ்ட்ரீட் வாக்கர்' என்பதில் தெருவும் நடையும் தவிர வேறொன்றும் இல்லை. பொருள் மட்டும் விலைமகள். வாய் ஓயாமல் வீடு வீடாகப் போகிறவளைக் 'காட் அபவுட்' என்பார்கள், ஆணை அப்படிச் சொல்லிக் கேட்பது அபூர்வம். ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. நம்மிடம் ராஜா வீதியில் வந்தால் உலா, அதற்கு ஒரு சிற்றிலக்கிய வகையே உண்டு. பையன் சுற்றினால் ஊர் சுற்றி. பெண் சுற்றினால் சொல்கிற சொல்லில் மாடு மேய்கிற வினை வரும், இங்கே எழுத மாட்டேன்.

மும்பையில் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே என்ற மூவர் ஆராய்ந்து 2011இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். தலைப்பே 'ஒய் லாய்ட்டர்?' பெண்களுக்குப் பாதுகாப்பு கொடு என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது, காரணமே இல்லாமல் தெருவில் நிற்கிற உரிமையைக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். காரணம் கேட்டால்தான் பெண் கையில் பையையோ செல்போனையோ பிடித்துக்கொண்டு எங்கேயோ அவசரமாகப் போவதுபோல நடிக்க வேண்டியிருக்கிறது. இந்த நடிப்பு நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. வெர்ஜீனியா உல்ஃப் 1927இல் எழுதிய ஒரு கட்டுரையில், லண்டன் தெருக்களில் குளிர்கால மாலையில் நடக்க ஆசைப்படுகிறவர் ஒரு சாக்கைத் தேடிக்கொள்கிறார். பென்சில் வாங்க வேண்டும்.

அதைச் சொன்னபோது பின் பெஞ்சில் சிரிப்பு. என்ன என்று கேட்டேன். ஹாஸ்டலில் வெளியே போகும் முன் ஒரு ரெஜிஸ்டரில் எழுத வேண்டுமாம். பெயர், நேரம், காரணம். காரணக் கட்டத்தில் "சும்மா" என்று எழுதினால் வார்டன் அம்மா விடுவாரா? எல்லாரும் 'ஜெராக்ஸ்' என்று எழுதுகிறார்கள். எழுதிவிட்டு மலைக்கோட்டைப் பக்கம் போய்க் கடை வீதியில் எதையும் வாங்காமல் நடந்துவிட்டு வருகிறார்கள். "ஏழு மணிக்கு மேல ஜெராக்ஸ் கடை இருக்காதே மேடம்," என்றாள் ஒருத்தி, "அதுக்கு அப்புறம்னா 'மெடிக்கல்'னு போட்டுக்குவோம்."