எனக்கு மீன் பிடிக்கும்

திருப்பாலைவனத்தை அடுத்த பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் ‘நான் மீன் பிடிப்பேன்’ என்றால் தொழில். ‘எனக்கு மீன் பிடிக்கும்’ என்றால் ருசி. மீனும் அதே, பிடியும் அதே. ‘நான்’ என்பது ‘எனக்கு’ ஆனதும் பேச்சு வலையிலிருந்து வட்டிலுக்கு வந்துவிடுகிறது. ஸ்பானிய மொழியின் அன்றாடத் தொடர்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக முயலும் தமிழருக்கு இதுவே முதல் பாடம். ‘மே குஸ்தா எல் பெஸ்காதோ’ என்பதில் ‘மே’ என்றால் எனக்கு, ‘குஸ்தா’ என்றால் பிடிக்கிறது. உண்பவர் நம் மொழியைப் போலவே ‘எனக்கு’ என்று ஒதுங்கி நிற்கிறார். ஆங்கிலமோ ‘ஐ லைக் ஃபிஷ்’ என்று ஆளை முன்னே நிறுத்துகிறது. ஸ்பானியத்தில், தண்ணீரில் நீந்தும்வரை அந்த மீன் ‘பெஸ்’. பிடிபட்டு உணவானால் ‘பெஸ்காதோ’. ஆங்கிலத்தில் இரண்டும் ‘ஃபிஷ்’தான். ஆகவே தொடரின் பொருளைத் தனிச்சொற்களில் தேடினால் கிடைக்காது. அவை கோக்கப்பட்ட விதத்திலும் சொல்லப்படும் இடத்திலும் தேட வேண்டும்.

சொல் தெரிந்தால் பாதி வேலை முடிந்ததே என்று கேட்கலாம். 16ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டில் வணிகம் செய்த போர்த்துக்கீசியரின் மொழியிலிருந்து சாவியும் மேசையும் தமிழுக்கு வந்தன. அதன் உறவுமொழியான ஸ்பானியத்தில் அவை ‘யாவே’, ‘மேசா’. பொருட்பெயருக்கு இந்த உறவு உதவும், மனநிலையைச் சொல்லும் வினைக்கு உதவாது. இன்றைய ஸ்பெயினின் நவார்ராவில் பிறந்த பிரான்சிஸ் சவேரியார் 1540களில் முத்துக்குளித்துறையில் ஓதுவித்த தமிழ் விசுவாச அறிக்கையில், ‘விசுவசிக்கிறேன்’ என வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்று இருந்தது. பிழையை உணர்ந்த அவரே, மாற்றிச் சொல்லும்படி உடனூழியர் மன்சிலாசுக்குக் கடிதம் எழுதினார். ஸ்பானிய ‘கியேரோ’விலும் இதே கண்ணி உண்டு: ‘கியேரோ ஆகுவா’ என்றால் தண்ணீர் வேண்டும், ‘தெ கியேரோ’ என்றால் உன்மேல் அன்பு. பின்னதை ‘ஐ வான்ட் யூ’ என்று ஆங்கிலமாக்கினால் பாசம் விகாரமாகிவிடும்.

அப்படியானால் தமிழ் வழியாகப் போனால் எல்லாம் சரியாகுமா? ஆகாது. ‘தெங்கோ ஆம்ப்ரே’ என்பதன் சொற்பொருள் ‘பசி வைத்திருக்கிறேன்’. நமக்குப் பசி தானாக எடுக்கிறது. ஆங்கிலேயர் ‘ஐ ஆம் ஹங்கிரி’ என்று தாமே பசித்தவராகிறார். மூன்று மொழிக்கும் மூன்று கட்டுமானம். ஆனாலும் தமிழ் ஓர் எச்சரிக்கை தருகிறது: ‘பசிக்கிறது’ என்று எழுவாய் இல்லாமலே பேசிப் பழகியவருக்கு, ஆங்கிலத்தின் அமைப்பே உலக நியதி என்ற மயக்கம் வராது. பசித்தவர் ஆங்கிலம் பேசும் ஊரில் வாய்திறந்து என்ன சொல்வார் என்று கேட்டுக்கொண்டால், அகராதி தராத விடை அங்கே கிடைக்கும்.