தொட்டிலில் தொடங்கும் ஞாபகம்

"தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. தொட்டிலில் பட்ட துன்பமும் அவ்வாறே நெடுநாள் தொடருமா? ருமேனியா நாட்டு ஆதரவற்ற குழந்தைகளின் வரலாறு இதற்கு விடை தருகிறது.

1966ஆம் ஆண்டில் அந்நாட்டை ஆண்ட சௌசெஸ்கு, மக்கள்தொகையைப் பெருக்கக் கடுஞ்சட்டம் கொண்டுவந்தார். வளர்க்க வழியற்ற பெற்றோர் பலர் பிள்ளைகளை அரசு இல்லங்களில் விட்டனர். 1989 இறுதியில் அவர் ஆட்சி வீழ்ந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே இருந்தனர். அழுதால் எடுத்தணைக்க அவர்களுக்கு ஆளில்லை.

அச்சமோ துயரமோ நேரும்போது நம் உடலில் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் பெருகுகிறது. தாய் தூக்கித் தேற்றினால் குழந்தைக்கு அது விரைவில் தணியும். தேற்றுவாரின்றி நாள்தோறும் நீடித்தாலோ, புதியவற்றை நினைவில் பதிக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதிக்குத் தீங்கு விளையும். மேலும், பேச்சும் சிரிப்பும் கேளாத இளம் மூளையில் நரம்பு இணைப்புகள் செழிப்பதில்லை.

2000ஆம் ஆண்டில் சார்லஸ் நெல்சன், நேத்தன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா என்னும் அமெரிக்க அறிஞர்கள் புக்காரெஸ்ட் நகர இல்லங்களிலிருந்த 136 குழந்தைகளை ஆராயத் தொடங்கினர். சீட்டுக் குலுக்கிப் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தனர். இரண்டு வயதுக்கு முன்பே குடும்பம் கிடைத்தவர்கள் அறிவுத்திறனில் மிகுதியாக முன்னேறினர்.

8 வயது முதல் 16 வயது வரை இவர்களின் ஞாபகத்தையும் சோதித்தனர். இல்லத்தில் வளராத பிள்ளைகளோடு ஒப்பிட, கவனத்திலும், பார்த்ததைச் சிறிது நேரம் நினைவில் வைப்பதிலும் இவர்கள் தொடர்ந்து பின்தங்கினர். எது எங்கிருந்தது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டே செயலாற்றும் திறனில் இடைவெளி வயதோடு பெருகவே செய்தது. ஆனால் புதியவற்றைக் கற்று நினைவில் நிறுத்துவதில், வளர்ப்புத் தாயிடம் வளர்ந்தவர்கள் பருவ வயதில் பெரும்பாலும் தேறிவிட்டனர். ஆகவே, துன்பத்தின் தழும்பு எளிதில் மறைவதில்லை. அன்பு காலந்தாழ்த்தி வந்தாலும் வீண்போவதில்லை.

நம் வகுப்பிலும் படித்ததை அடிக்கடி மறக்கும் தோழி ஒருத்தி இருக்கலாம். மறதிக்கெல்லாம் இதுவே காரணமென்று கூறிவிட முடியாது. ஆயினும் அவள் கடந்துவந்த பாதையை நாம் அறியோம். "மக்கு" என்று நகைக்காமல், பக்கத்தில் அமர்ந்து பாடத்தை மறுமுறை சொல்லித் தருவோம். வீட்டில் அழும் தம்பி தங்கையரைத் தூக்கித் தேற்றுவோம். அவர்களின் நினைவாற்றலுக்கு நாம் இன்று இடும் உரம் அதுவே.