கட்டிக்கும் ஊர் பேர் உண்டு

ஒரு பிள்ளைக்கு மூளையில் கட்டி என்றதும் நாம் கேட்பது ஒன்றுதான்: "சாதாக் கட்டியா, கேன்சர் கட்டியா?" சாதா என்றால் பெருமூச்சு விடுகிறோம். கேன்சர் என்றால் எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறோம். இரண்டுமே அவசரம். கட்டிக்கும் ஊர், பேர் உண்டு. டீ ஆறுவதற்குள் விசாரித்துவிடலாம்.

முதலில் ஊர். குழந்தைகளுக்கு வரும் கட்டிகளில் பல, தலையின் பின்பக்கம் சிறுமூளையில் முளைக்கின்றன. தடுமாறாமல் நடக்க உதவும் இடம் அது. பக்கத்திலேயே மூளைநீர் வடியும் குறுகிய வாய்க்கால். கட்டி அதை அடைத்தால், வடிகால் அடைத்த தொட்டி மாதிரி உள்ளே நீர் தேங்கும். மண்டையோடு அதிகம் விரிந்துகொடுக்காது. காலையில் தலைவலி, வாந்தி எல்லாம் இதனால்தான். நடையில் தள்ளாட்டம், சிறுமூளையே பாதிக்கப்படுவதால். ஆக, சாதாக் கட்டியும் உயிருக்கு உலை வைக்கலாம்.

இனி பேர். கட்டிகளை, சாதுவான 1 முதல் மூர்க்கமான 4 வரை தரம் பிரிப்பார்கள். 'பைலோசைடிக் ஆஸ்ட்ரோசைட்டோமா' முதல் தரம், மெதுவாக வளரும். சிறுமூளையிலிருந்து முழுசாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு சரி. அதே கட்டி பார்வை நரம்பில் இருந்தால்? வெட்டி எடுத்தால் பார்வை போகும். அதனால் கீமோ கொடுத்துக் கட்டுக்குள் வைக்கப் பார்ப்பார்கள்.

'மெடுல்லோபிளாஸ்டோமா' 4ஆம் தரம். 1925இல் பெய்லி, குஷிங் என்ற மருத்துவர்கள் இந்தப் பெயரை வைத்தபோது அது ஒரே நோய். இப்போது மரபணுவைப் பார்த்து நான்கு குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். அதில் 'விண்ட்' வகை வந்த பிள்ளைகளில், அறுவை, கதிர்வீச்சு, கீமோ மூன்றும் முடிந்தபின், 100க்கு 90 பேருக்கு மேல் ஐந்தாண்டு தாண்டுகிறார்கள். நாம் பயந்த 4ஆம் தரம்தான் இது! 'குரூப் 3' வகையில் அந்த நம்பிக்கை குறைவு.

மூளைத்தண்டில் பரவும் ஒரு கட்டியும் உண்டு. மாவில் கலந்த உப்பைப் பிரித்தெடுக்க முடியுமா? அப்படி நரம்புகளுக்குள் கலந்திருக்கும். கத்தி வைக்க இடமில்லை. கதிர்வீச்சு சில மாத ஆறுதல் தரும். பெரும்பாலான பிள்ளைகள் ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்கு மேல் தாங்குவதில்லை.

வயதும் ஒரு கணக்கு. மூன்று வயதுக்குள் மூளை வேகமாக வளர்வதால், கதிர்வீச்சைக் கூடுமானவரை தவிர்ப்பார்கள். பிழைத்த பிள்ளைக்குப் படிப்பும் வளர்ச்சியும் பின்தங்கக்கூடாதே.

இனி நாம் கேட்க வேண்டியவை மூன்று: எங்கே இருக்கிறது, என்ன வகை, எவ்வளவு எடுக்க முடிந்தது? இவற்றுக்குப் பதில் வருமுன் எந்தப் பிள்ளைக்கும் ஆயுள் கணக்குப் போட வேண்டாம்.