வோஷிங்டன் வட்டியும் ஜகார்த்தா பங்குச் சந்தையும்

"நாங்க வட்டிக்குக் குடுக்கவும் இல்ல, எடுக்கவும் இல்ல. ஹலாலான கம்பனிப் பங்குதான் வாங்கியிருக்கிறோம். அமெரிக்காவில வட்டி ஏறினா எங்களுக்கென்ன?" என்று கேட்பவர்கள் நம் மத்தியில் உண்டு. நியாயமான கேள்விதான். 2013இல் இந்தோனேசியாவில் நடந்ததைப் பார்த்தால் பதில் விளங்கும்.

2008 நெருக்கடிக்குப் பின் அமெரிக்க மத்திய வங்கியான பெடரல் ரிசேர்வ், வட்டி வீதத்தைப் பூச்சியத்துக்கு அருகில் வைத்திருந்தது. அது போதாதென்று, 2013இல் மாதந்தோறும் 8,500 கோடி டொலருக்குக் கடன் முறிகளையும் வாங்கிக்கொண்டிருந்தது. அங்கே காசுக்கு வருமானம் இல்லை. ஆகவே பெரிய நிதியங்கள் ஜகார்த்தா, மும்பை, இஸ்தான்புல் என்று இலாபம் தேடி வந்தன.

அவ்வாண்டு மே 22ஆம் திகதி, அதன் தலைவர் பென் பெர்னாங்கே இந்தக் கொள்வனவை விரைவில் குறைக்கக்கூடும் என்று கொங்கிரஸ் குழுவிடம் சொன்னார். சொன்னதோடு சரி, குறைப்பதாக அறிவித்தது டிசம்பரில்தான். வந்த காசு அதுவரை காத்திருக்கவில்லை. 5,200ஐத் தாண்டியிருந்த ஜகார்த்தா சுட்டெண் ஓகஸ்ட் இறுதியில் 4,000க்குக் கீழே போனது.

மூன்று மாதத்தில் இந்தோனேசியக் கம்பனிகள் கெட்டுப்போய்விடவில்லை. வெளிநாட்டு முதலீட்டாளர் பங்கை விற்று ரூபியாவை டொலராக்குகிறார், ரூபியா விழுகிறது. அதைக் கண்ட மற்றவர், பங்கிலும் நட்டம் நாணயத்திலும் நட்டம் வருமே என்று பயந்து தானும் விற்கிறார். நாணயத்தைக் காக்க இந்தோனேசிய மத்திய வங்கி 5.75 வீதமாக இருந்த வட்டியை நவம்பருக்குள் 7.5 வீதமாக்கியது. உள்ளூர் வியாபாரியின் கழுத்தும் அதோடு இறுகியது. நடைமுறைக் கணக்குப் பற்றாக்குறையை வெளிக்காசால் நிரப்பிய இந்தியா, துருக்கி, பிரேசில், தென்னாபிரிக்கா ஆகியவற்றுக்கும் இதே கதிதான். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்கப் பங்குச் சந்தை அந்த ஆண்டு ஏறத்தாழ 30 வீதம் உயர்ந்தது!

ஜகார்த்தா இஸ்லாமியச் சுட்டெண்ணும் கூடவே சரிந்தது. ஷரீஆ வடிகட்டல் கம்பனியின் தொழிலையும் அது பட்ட கடனையும் பார்க்கும். அதே பங்கை வைத்திருக்கும் மற்றவர் யார், எந்தக் காசில் வாங்கினார், எப்போது ஓடுவார் என்று பார்க்காது. கடன் குறைந்த கம்பனி வட்டி உயர்வைத் தாங்கும், அது பெரிய அனுகூலம்தான். ஆனால் சந்தையில் விலையைத் தீர்மானிப்பது கம்பனியின் கணக்குப் புத்தகம் மட்டுமல்லவே.

விற்காமல் பொறுத்திருந்தவர்கள் 2014 செப்டம்பரில் சுட்டெண் பழைய உச்சத்தைத் தாண்டியதைக் கண்டார்கள். ஆனால் முன்பு டொலருக்கு 10,000க்குக் குறைவாக இருந்த ரூபியா, அப்போதும் 11,500க்கு மேலேதான் நின்றது.