ஓசையின்றிப் பறிபோகும் பார்வை

கண்புரையால் மங்கிய பார்வையை அறுவை சிகிச்சை பெரும்பாலும் மீட்டுத் தருகிறது. ‘கிளாக்கோமா’ எனப்படும் கண் நீர் அழுத்த நோயால் இழந்த பார்வையோ திரும்புவதில்லை. நம் நாட்டில் 40 வயதைக் கடந்தோரில் சுமார் 1 கோடியே 12 லட்சம் பேருக்கு இந்நோய் இருக்கக்கூடும் என 2010-ஆம் ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று மதிப்பிட்டது. நோயுற்றோருள் மிகப் பெரும்பாலோர் அதனை அறியாமலே வாழ்கின்றனர்.

அறியாமைக்குக் காரணம்

கண்ணின் முற்பகுதியில் ஒரு தெளிந்த நீர் இடைவிடாது சுரந்து வடிகிறது. வடியும் வழி தடைப்பட்டால் அழுத்தம் உயர்ந்து, பார்வை நரம்பு நலிகிறது. பலருக்கு வலி இராது. முதலில் குறைவது பக்கப் பார்வையே. ஒரு கண்ணின் குறையை மறுகண் ஈடுசெய்கிறது. நாளிதழ் படிப்பதும் காசோலையில் கையொப்பமிடுவதும் தடையின்றி நடப்பதால் ஐயமே எழுவதில்லை. சிலருக்கு மட்டும் கடும் கண்வலி, சிவப்பு, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் ஆகியவை திடீரெனத் தோன்றும். அன்றே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

பரிசோதனைகள்

கண் அழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். ஆயினும் இவ்வரம்பிற்குள் இருந்தும் நரம்பு கெடுவதுண்டு. ஆகவே நரம்பின் தோற்றம், நீர் வடியும் கோணம், பார்வைப் பரப்பு ஆகியவற்றையும் மருத்துவர் ஆராய்வார், தேவையெனில் ‘ஓ.சி.டி.’ படமும் எடுப்பார்.

சிகிச்சை

சொட்டு மருந்து, லேசர், அறுவை சிகிச்சை ஆகிய மூன்றும் அழுத்தத்தைக் குறைத்து, எஞ்சிய பார்வையைக் காக்கின்றன. சொட்டு மருந்தால் பார்வை தெளிவடையாது. அதனால் பயனில்லை எனக் கருதிப் பலர் நிறுத்திவிடுகின்றனர். இழப்பு தொடர்வது அங்கேதான். மருத்துவரின் ஆலோசனையின்றி ஸ்டீராய்டு சொட்டு மருந்தை நெடுநாள் இடுவதும் அழுத்தத்தை உயர்த்தக்கூடும்.

யார் முந்த வேண்டும்?

40 வயதைக் கடந்தோர் அனைவரும் முழுமையான கண் பரிசோதனை செய்துகொள்வது நலம். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருப்பின் காலம் தாழ்த்தலாகாது. ஓய்வூதியர்கள் நவம்பர்தோறும் வாழ்நாள் சான்றிதழ் அளிக்க வங்கிக்கு வருகின்றனர். அதே மாதத்தில் கண் மருத்துவரையும் காண்பதை வழக்கமாக்கிக் கொள்ளலாம்.