கடல் புகுந்த கிணறுகள்!

சென்னைக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டி ரெயில் பாதையில் இருக்கிறது, மீஞ்சூர். ஊரில் இருந்து கடற்கரைக்குப் போக வேண்டும் என்றால், பல கிலோமீட்டர் செல்ல வேண்டும். ஆனால், கடல் தண்ணீர் ஊரைத் தேடி வந்துவிட்டது.

தரைக்கு மேலே அல்ல. தரைக்கு அடியில்!

ஒரு காலத்தில் மீஞ்சூர் மண்ணுக்குள் நல்ல தண்ணீர் ஏராளம். கொசஸ்தலை ஆறும் ஆரணி ஆறும் கொண்டுவந்து போட்ட மணல் அங்கே ஆழமாகப் படிந்து கிடக்கிறது. மழைத் தண்ணீர் அதில் இறங்கித் தங்கும்.

1966 முதல் 1969 வரை, ஐக்கிய நாடுகள் சபையின் உதவியோடு இங்கே ஆராய்ச்சி நடந்தது. பிறகு மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டார்கள். சென்னைக்குத் தண்ணீர் போயிற்று. தொழிற்சாலைகளுக்கும் போயிற்று. விவசாயிகளும் வயலுக்கு இறைத்தார்கள்.

எடுத்தது அதிகம். இறங்கியது குறைவு.

உப்பு வந்தது எப்படி?

நல்ல தண்ணீர் கனம் குறைந்தது. கடல் தண்ணீர் கனமானது. ஆகவே கடலோர மண்ணில் நல்ல தண்ணீர் மேலேயும், உப்புத் தண்ணீர் கீழேயும் நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே 1 அடி குறைந்தாலோ, கீழே உப்பு 40 அடி ஏறிவிடும்!

மீஞ்சூரில் நிலத்தடி நீர், கடல் மட்டத்துக்கும் கீழே போய்விட்டது. பிறகு கடலைத் தடுக்க என்ன இருக்கிறது? 1969-ம் ஆண்டில் உப்பு சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே வந்திருந்தது. 1987-ல் 9 கிலோமீட்டர். அதற்குப் பிறகும் நிற்கவில்லை.

உப்புத் தண்ணீர் பாய்ந்தால் நெற்பயிர் கருகும். அந்தத் தண்ணீரில் பருப்புகூட வேகாது.

வெள்ளம் வருகிறதே?

"அடிக்கடி வெள்ளம் வருகிறதே, அது உப்பைக் கழுவாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

நிலக்கரி, பெட்ரோல் புகையால் பூமி சூடாகி வருகிறது. காற்றின் வெப்பம் 1 டிகிரி கூடினால், அது சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை ஒரேயடியாகக் கொட்டும். 2015-ம் ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது!

ஒரு மழையையோ ஒரு கோடையையோ மட்டும் காட்டி, பூமியின் சூடுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பெருமழையும் கடும் வறட்சியும் கூடும் என்பது விஞ்ஞானிகளின் முடிவு.

நிதானமாகப் பெய்யும் மழைதான் மண்ணில் இறங்கும். கொட்டுகிற மழை ஓடிவிடும். 2021 நவம்பரில் பூண்டி ஏரியின் உபரி நீர் கொசஸ்தலையில் பாய்ந்து, மணலி புதுநகரில் வீடுகளைச் சூழ்ந்தது. பிறகு எண்ணூரில் கடலோடு கலந்தது. அடுத்து வரும் வெயிலில் மறுபடியும் மோட்டார்கள் ஓடும். கடலும் சும்மா இல்லை. 1900-க்குப் பிறகு உலகக் கடல் மட்டம் சுமார் 8 அங்குலம் உயர்ந்திருக்கிறது.

மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில், கடல் நீரைக் குடிநீர் ஆக்கும் ஆலை 2010-ம் ஆண்டு திறக்கப்பட்டது. நாள் ஒன்றுக்கு 10 கோடி லிட்டர். சென்னைக்கு அது பெரிய உதவி. ஆனால் அதற்கு மின்சாரம் நிறைய வேண்டும். மண்ணுக்குள் போன உப்பையும் அது எடுக்காது.

அதற்கு வழி, ஓடும் தண்ணீரை நிறுத்துவது. ஆரணி ஆற்றில் பாலேஸ்வரத்தில் ஒரு தடுப்பணை இருக்கிறது. மழைக்காலத்தில் அங்கே தேங்கும் தண்ணீர் மெல்ல மணலுக்குள் இறங்குகிறது. சுற்றுப்புறக் கிணறுகளில் நீர் மட்டம் ஏறுகிறது. அங்கே தேங்குவது, கடலுக்கு ஓடும் வெள்ளத்தில் ஒரு சிறு பங்குதான்.